தடையற்ற வணிகமும் ஒரு நினைவுக் கட்டுரைப் போட்டியும்

புலம்பெயர்ந்த மண்ணிலே தமிழ்ப் பாடசாலைகள் நடத்தும் போட்டிகளுள் கட்டுரைப் போட்டிக்கே கூட்டம் குறைவு. நடனப் போட்டிக்குப் பட்டுடை உண்டு. பேச்சுப் போட்டிக்கு ஒலிவாங்கி உண்டு. திருக்குறள் மனனப் போட்டிக்கோ பாட்டனும் பாட்டியும் முன்வரிசையில் அமர்ந்து உதடசைத்து உதவுவர். கட்டுரைக்கு வெற்றுத்தாளும் பேனாவுமே துணை. ஆயினும் ஒரு பிள்ளை தனித்திருந்து தமிழிலே சிந்திக்கின்றதா என்பதை அறிவதற்கு அதனிலும் சிறந்த வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அத்தகைய போட்டியொன்றின் நடுவராகச் சென்ற ஆண்டு நான் இழைத்த தவறொன்றையும், அதனால் என் மனத்தில் எழுந்த சில கருத்துகளையும் இம்மலரிலே பதிவு செய்ய விரும்புகிறேன். மலர்க்குழுவினர் வாழ்த்துரை போன்ற ஒன்றையே என்னிடம் கேட்டனர். வாழ்த்துரைகள் முன்பக்கங்களில் வேண்டிய அளவு உள்ளன. ஆதலால் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

எமது பாடசாலையின் நலன்விரும்பியாக விளங்கிய வணிகப் பெருந்தகை ஒருவரின் நினைவாக அவர்தம் குடும்பத்தினர் சென்ற ஆண்டு இப்போட்டியை நிறுவினர். அமரர் அவர்கள் இலண்டனுக்கு வந்த புதிதிலே, பழைய வான் ஒன்றில் அரிசியும் மிளகாய்த்தூளும் ஏற்றி வீடுவீடாகச் சென்று விற்றுத் தொழில் தொடங்கியவர். பின்னர் கடை வைத்தவர். கப்பலிலும் வானூர்தியிலும் ஊர்ப்பொருள் இறக்கியவர். வரியும் தடையும் இல்லாத வணிகமே ஏழைக்குச் சோறு போடும் என்பது அவரது அசையாத கொள்கை. கடைக்குப் போனவர்கள் பலர் அதனை அவர் வாயாலேயே கேட்டிருப்பர். அக்கொள்கைக்கு மதிப்பளித்துக் குடும்பத்தினர் தெரிவு செய்த தலைப்பு, ‘தடையற்ற வணிகத்தின் நன்மைகள்’ என்பதாகும். பரிசுத் தொகையும் சிறிதன்று. கேடயமோ, கீழ்ப்பிரிவிலே பரிசு பெற்ற பிள்ளையைவிட ஒரு சாண் மட்டுமே குட்டை.

நான் தாயகத்திலே உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பித்தவன். ஆகவே மேற்பிரிவுக் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பு என்னிடமே வந்து சேர்ந்தது. வந்தவை இருபத்து மூன்று. அவற்றுள் பெரும்பாலானவை ‘உலகம் இன்று ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்டது’ என்றே தொடங்கின. நான்கைந்து கட்டுரைகளில் பெற்றோரின் கைவண்ணம் பளிச்செனத் தெரிந்தது. ‘இன்றியமையாமை’ என்னும் சொல்லை ஒரு பந்தியில் மூன்று முறை பிழையின்றி எழுதிய மாணவன், தன் பெயரை எழுதுகையில் ஒற்றெழுத்துக்குப் புள்ளியிட மறந்திருந்தான். வேறு சில கட்டுரைகள் கணினியிடம் கேட்டு வாங்கியவை. அவற்றிலே பிழையும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு கட்டுரையோ வணிகத்தை விட்டுவிட்டு அமரரின் பெருமையையே மூன்று பக்கம் பாடியிருந்தது. எல்லாம் ஒரே முடிவுக்கு வந்தன. தலைப்பே முடிவைச் சொல்லிவிட்ட பின்னர் அவை வேறெங்கே போகும்?

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. எழுதியவள் பதினான்கு வயது மாணவி; பெயரை இங்கு எழுதவில்லை. அவளது கட்டுரை அவள் வீட்டு அடுக்களையிலே தொடங்கியது. அம்மம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, “வெங்காயம் வித்த காசிலைதான் உன்ரை அம்மாவுக்குத் தோடு செய்தது” என்று சொன்னாராம். பிறகு வெளிநாட்டு வெங்காயம் கப்பலில் வந்து விலை விழுந்ததும் அந்தத் தோடு அடகுக்குப் போனதாம். பேத்தி கேட்டிருக்கிறாள்: “அப்ப கொழும்பிலை வெங்காயம் வாங்கினாக்களுக்குச் சந்தோசம்தானே, அம்மம்மா?” அம்மம்மா விடை சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்; அது வெங்காயத்தாலோ வேறெதனாலோ தனக்குத் தெரியாது என எழுதியிருந்தாள். அதன் பின் அவள் எழுதியதுதான் என்னை இன்றளவும் விடாதது. வெளிநாட்டு வெங்காயத்தைத் திட்டும் அதே அம்மம்மா, இங்கு கடைக்குப் போனால் ஊர்ச் செத்தல் மிளகாயையே கேட்டு வாங்குகிறாராம். அது இந்நாட்டுக்கு வெளிநாட்டு மிளகாய்தானே என்று அவள் கேட்டிருந்தாள். ஒரே ஆள் ஒரு நாட்டில் விற்பவராகவும் இன்னொரு நாட்டில் வாங்குபவராகவும் இருந்தால் அவருக்கு எந்தச் சட்டம் நல்லது என்ற வினாவோடு கட்டுரை நின்றுவிட்டது.

அதற்கு நான் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் புள்ளிகள் இட்டேன். வரைவிலக்கணம் இல்லை, ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு இல்லை, தலைப்பில் கேட்கப்பட்ட நன்மைகள் நிரல்படுத்தப்படவில்லை, முடிவுரை இல்லை, பேச்சுவழக்கு கலந்துள்ளது. என் புள்ளித்திட்டத்தின்படி முப்பத்தெட்டே அதிகம். முதற்பரிசு, சுருங்கிய கிராமம் ஒன்றுக்குச் சென்றது. பரிசளிப்பு விழா முடிந்து வீடு சென்று, பேருந்திலே குளிர்ந்த கைகளை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தபோதுதான், அம்மாணவி எழுதியது என் தந்தையாரின் கதை என்பது உறைத்தது.

எமது குடும்பம் வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்த குடும்பம். 1970 முதல் 1977 வரை இலங்கையை ஆண்ட அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். நான் பிறந்த கல்வீடு அக்காலத்து மிளகாய்க் காசிலே எழுந்தது. சுவரிலே காது வைத்தால் செத்தல் மிளகாய் சலசலக்கும் என்று எங்கள் அப்பு வேடிக்கையாகச் சொல்வார். 1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. இறக்குமதிக் கதவுகள் திறந்தன. வீட்டின் முன்விறாந்தைக்கு இடப்பட்ட அத்திவாரம் அத்திவாரமாகவே நின்றது. அது நான் பிறப்பதற்குச் சற்று முன்னர்.

இக்கதையை நான் மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் இத்துடன் நிறுத்துவதே வழக்கம். மீதிப் பாதியைப் பிற்காலத்திலேதான் கற்றேன். எம் வீட்டுக்குச் சுவர் எழுப்பிய அதே ஆண்டுகளிலே, நாட்டின் பிற பாகங்களில் மக்கள் பாணுக்கும் துணிக்கும் விடிகாலையிலிருந்து வரிசையில் நின்றனர். மலையகத் தோட்டங்களிலே பட்டினி தலைவிரித்தாடியது. எங்களுக்குக் கிடைத்த நல்விலையை எவரோ ஒருவர் தம் உலையிலிருந்து எடுத்துத்தான் கொடுத்திருக்கிறார். என் தந்தையார் இதனை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ளாமலேயே காலமானார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. விறாந்தையில்லாத வீட்டிலே நாற்பது ஆண்டு இருந்தவர் அவர்.

இனி, கதவு முழுவதும் மூடினால் என்ன ஆகும் என்பதையும் எம் தலைமுறை கண்டது. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது. மின்சாரம் அற்றுப் போயிற்று. மண்ணெண்ணெய், எரிபொருள், உரம், பற்றரி, சீமெந்து எனத் தடைசெய்யப்பட்டவையும் தட்டுப்பாடானவையும் நாளுக்கு நாள் நீண்டன. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் ஒளியிலே படித்தோம். துணி வெளுக்கப் பனம்பழம் உதவிற்று. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். இவற்றைச் சொல்லும்போது நம்மவர் கண்கள் பெருமையால் விரிவதுண்டு. அப்பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் பொருளியல் ஆசிரியன் என்ற முறையிலே ஒன்றைக் கூற வேண்டும். இறக்குமதித் தடை விவசாயியைக் காக்கும் என்ற வாதம் எங்கேனும் முழுமையாக நிறைவேறியிருக்க வேண்டுமெனில், அங்கேதான் நிறைவேறியிருக்க வேண்டும். வெளியார் வெங்காயம் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. ஆனால் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. பயிருக்கு உரம் இல்லை. விளைந்ததைத் தெற்கே அனுப்பப் பாதை இல்லை. சந்தையிலே வெங்காயம் குவிந்து விலையிழந்து கிடந்தது. சவர்க்காரக் கட்டியோ குதிரை விலை. என் தந்தையார், வேண்டுமென்று ஏங்கிய பாதுகாப்பு ஒருநாள் வேறு உருவிலே வீட்டு வாயிலுக்கு வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையானபோது நாமும் நடந்தோம். பின்னர் வன்னியிலே படித்து, அங்கேயே ஆசிரியனானேன். கூரையாகத் தறப்பாள் கட்டிய வகுப்பறையிலே டேவிட் ரிக்காடோ 1817இல் எழுதிய நூலின் புகழ்பெற்ற உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். ஓராண்டில் குறித்த அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர் வேண்டும். வைன் செய்ய 120 பேர் வேண்டும். போர்த்துக்கலுக்கோ துணிக்கு 90 பேரும் வைனுக்கு 80 பேரும் போதும். இரண்டிலும் போர்த்துக்கலே கெட்டி. எனினும் போர்த்துக்கல் வைனையும் இங்கிலாந்து துணியையும் செய்து மாற்றிக்கொண்டால் இரு நாடும் பயன்பெறும். அழகான கணக்கு. துணியை இழுத்து இழுத்து உடுத்தியிருந்த பிள்ளைகள் அதனைக் குறிப்பெடுத்தனர். ஒருநாள் பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, “சேர், போர்த்துக்கலிலை துணி நெய்த அந்த 90 பேரும் பிறகு என்ன செய்தவை?” என்று கேட்டான். அவர்கள் வைன் தொழிலுக்குப் போவார்கள் என்றேன். “போகத் தெரியாட்டி?” என்றான். பாடவேளை முடிந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். பாடவேளை முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அவ்வினாவுக்கு விடையை 2002ஆம் ஆண்டு பார்த்தேன். போர்நிறுத்தம் வந்தது, தடை நீங்கிற்று, ஏ-9 பாதை திறந்தது. வழியிலே சோதனையும் இருந்தது, வரியும் இருந்தது, ஆயினும் பாரவூர்திகள் வந்தன. விசுக்கோத்தும் மென்பானமும் நறுமணச் சவர்க்காரமும் கடைகளிலே வந்து நிறைந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக மணக்காத சவர்க்காரத்தால் குளித்த சனங்கள் அடைந்த மகிழ்ச்சியை நான் மறவேன். அதே வாரங்களிலே எங்கள் அயலில் வீட்டிலிருந்தபடி சவர்க்காரம் வார்த்து நான்கு பிள்ளைகளைக் காத்த ஒரு கைம்பெண்ணின் அச்சுப்பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டது. இரண்டும் ஒரே பாரவூர்தியின் வேலை. அப்பெண்ணிடமும் ஒரு நறுமணச் சவர்க்காரம் இருந்தது. அதனைக் கொண்டுவந்து எனக்குக் காட்டி, நல்ல மணம் என்றார்.

இத்தனையும் கண்ட நான், ஒரு பிள்ளை இதனைத் தன் மழலைத் தமிழில் எழுதியபோது முடிவுரை எங்கே என்று கேட்டேன்.

கட்டுரைப் போட்டி வைத்துப் பொருளாதாரக் கொள்கையை வளர்ப்பது நமக்கு மட்டும் தோன்றிய எண்ணமன்று. நாம் இப்போது குடியிருக்கும் இந்நாட்டிலேயே அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1815ஆம் ஆண்டின் தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமை ‘குவாட்டர்’ ஒன்று 80 சிலிங் விலையை எட்டும் வரை பிறநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடாது தடுத்தது. நிலக்கிழார் செழித்தனர், ஆலைத் தொழிலாளிக்கு அப்பம் எட்டாக்கனியாயிற்று. அச்சட்டத்தை ஒழிக்க மன்செஸ்ரர் நகரிலே தோன்றிய இயக்கத்தின் தலைமகன் ரிச்சட் கொப்டன். சசெக்ஸ் மாவட்டத்தில் நிலத்தை இழந்த ஒரு சிறு விவசாயியின் மகன் அவர். அச்சுச்சீலை வணிகத்தால் உயர்ந்தவர். அவரது இயக்கம், தானியச் சட்டம் குத்தகை விவசாயிக்கும் கூலியாளுக்கும் தீங்கானது என்று காட்டும் கட்டுரைகளுக்குப் பரிசு அறிவித்து, 1842இல் மூன்று கட்டுரைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றை எழுதிய ஜோர்ஜ் ஹோப், ஸ்கொட்லாந்தில் குத்தகைக்கு நிலம் பயிரிட்ட ஒரு விவசாயி. தானியம் விளைவிப்பவனே தானியத்துக்கான காப்பு வேண்டாம் என எழுதியதால் அக்கட்டுரைக்குத் தனிக் கனம் இருந்தது. சட்டம் 1846இல் நீக்கப்பட்டது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு ஹோப் போன்றோர் சொன்னபடியே விவசாயம் வீழவில்லை. 1870களிலே அமெரிக்கத் தானியம் கப்பல் கப்பலாக வந்தபோது வீழ்ந்தது.

அப்போட்டியிலும் முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்பதை வாசகர் கவனித்திருப்பர். அது இயக்கத்தின் போட்டி. ஆள் சேர்ப்பது இயக்கத்தின் தொழில். ஆனால் 1865இல் கொப்டன் மறைந்தபின் அவர் பெயரால் எழுந்த கழகம், பல்கலைக்கழக மாணவர்க்கு நிறுவிய பரிசு வேறு வகையானது. கேம்பிறிச்சில் 1877இல் கொப்டன் பரிசு பெற்ற கட்டுரையின் பொருள், இயந்திரங்கள் கூலியை எவ்வாறு பாதிக்கின்றன என்பது. எழுதியவர் சீல்ட் நிக்கல்சன். பின்னாளில் எடின்பரோவிலே பொருளியற் பேராசிரியராக விளங்கியவர். ஆலை முதலாளிகளின் தோழராகப் பேசப்பட்ட ஒருவரின் நினைவுப் பரிசு, ஆலை இயந்திரம் தொழிலாளியின் கூலியை என்ன செய்கிறது என்று ஒரு மாணவனை ஆராய விட்டிருக்கிறது. கொப்டனின் புகழ் அதனால் ஒரு அணுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தடையற்ற வணிகத்தின் தாயகமாகப் போற்றப்படும் இதே நாடு, இந்தியாவின் அச்சுச்சீலைகளை 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றித் தடுத்தது. தன் ஆலைகள் வலுத்த பிறகே பிறர் வாயிலைத் திறக்கச் சொன்னது. 1896இல் இந்திய ஆலைத்துணி மீதே மூன்றரை விழுக்காடு வரி விதித்து, லங்காசயர் துணிக்கு வழி சமன்செய்தது. இதனைக் கூறுவது பகைமை மூட்டுவதற்கன்று. எமக்கு அடைக்கலம் தந்த நாடு இது; நன்றி மறவேன். எனினும் கொள்கையை மேடையில் ஏற்றுகிறவன் தன் வீட்டில் அதனை எப்போது கடைப்பிடித்தான் என்று பார்ப்பது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய ஆராய்ச்சி. நிகழ்கால உதாரணங்களுக்கும் பஞ்சமில்லை. 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்து, வயல்கள் வாடிய பின் அவ்வாண்டு நவம்பரிலே தடையை நீக்கிற்று. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 விழுக்காடு தீர்வை என்று அறிவித்தபோது, நம் உறவினரின் பிள்ளைகள் தைக்கும் ஆடைத் தொழிற்சாலைகளில் எல்லாம் அன்றிரவு தூக்கம் இல்லை. பின்னர் அது குறைக்கப்பட்டது. வார நாள்களில் ஒரு களஞ்சியசாலையிலே பெட்டி அடுக்குவதே என் பிழைப்பு. கென்யாவின் பயற்றங்காயும் இலங்கையின் உள்ளாடையும் என் கைகளைக் கடந்தே கடைகளுக்குப் போகின்றன. பெட்டியிலே ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்ற எழுத்தைக் காணும்போது ஒரு கணம் கை தயங்கும். மேற்பார்வையாளர் பார்ப்பார். மறுபடி அடுக்குவேன்.

இங்கு இரு எதிர்ப்புகள் எழும். ஒன்று, இறந்தவரின் பெயரால் நடக்கும் போட்டியிலே அவர் கொள்கைக்கு மாறாக எழுத விடுவது அவமரியாதையன்றோ என்பது. அமரரை அறிந்தவன் என்ற உரிமையிலே விடை கூறுகிறேன். விலை பேசாமல் பொருளை எடுத்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரை அவர் ஒருபோதும் மதித்ததில்லை. “என்ன தம்பி, சொன்ன விலைக்கே வாங்கிறியள்?” என்று என்னையே ஒருமுறை கேலி செய்தார். பிறகு நான் விலை கேட்க, அவர் மறுக்க, அரை மணி நேரம் கழித்து ஒரு பலாப்பழத்தை முதலில் சொன்னதிலும் குறைவாகத் தந்தார். கூடவே ஒரு கட்டுக் கறிவேப்பிலை இலவசம். அத்தகையவரின் நினைவிலே, சொன்ன விலைக்கே வாங்கிய இருபத்திரண்டு கட்டுரைகளைக் கொண்டுபோய் வைத்தோம்.

மற்றது பெற்றோரின் எதிர்ப்பு. ‘பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பதே பெரும்பாடு, பொருளியலை ஆங்கிலப் பாடசாலையிலே படிக்கிறார்கள், இங்கே நிலாவையும் பொங்கலையும் பற்றி எழுதினால் போதாதா?’ என்கின்றனர். அவர்களது களைப்பை நான் அறிவேன். ஆயினும் நிலாவுக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுத்து உடுத்தும் மொழி, பெட்டியிலே மடித்து வைத்த கூறைச் சேலையாகிவிடும். நம் மொழி அத்தகையதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே சுங்கம் கொள்வோர் பொதிகளுக்குப் புலி முத்திரை இட்ட காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சுங்க வரிக்கு ‘உல்கு’ என்று ஒரு சொல்லையே நம் முன்னோர் வைத்திருந்தனர். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் வழங்கியது. கொப்டனுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்பொருள் தமிழிலே பேசப்பட்டிருக்கிறது. அம்மாணவியின் கட்டுரையில் ‘தீர்வை’, ‘காப்பு’ என்ற சொற்கள் இல்லை என்று புள்ளி குறைத்தேனே, அச்சொற்களை அவளுக்குக் கற்பித்தது யார்? எவரும் இல்லை. நாங்கள் கற்பித்த ஆறு ஆண்டிலும் அவை பாடத்தில் வரவே இல்லை.

ஆகவே போட்டியின் முறையை மாற்ற வேண்டும் என்று நிருவாகக் குழுவிடம் எழுதிக் கேட்டேன். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரும் வழக்கம் முதலில் ஒழிய வேண்டும். வாடகைக்குப் பெற்ற வகுப்பறையே ஆயினும், ஒன்றரை மணி நேரம் அதிலே இருத்தி எழுதுவித்தால், பெற்றோரும் கணினியும் வாயிலுக்கு வெளியே நிற்பர். ஆனால் வெறுங்கையுடன் இருத்தலாகாது. போட்டிக்கு ஒரு மாதம் முன்னதாகத் தலைப்பைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரையோ கடைக்காரர் ஒருவரையோ விசாரித்து, ஒரு தாளில் குறிப்பெடுத்து வரச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்தில் இப்பொருளுக்கு வேண்டிய இருபது சொற்களை வகுப்பிலே கற்பிக்க வேண்டும். அதனை நான் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டுள்ளேன். அகப்படாத சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினால் புள்ளி குறைக்கலாகாது. இவ்விடத்தில் சக ஆசிரியர் இருவர் என்னுடன் உடன்படவில்லை. அவர்களின் அச்சமும் நியாயமானதே; வாசல் சிறிது திறந்தால் என்னென்ன உள்ளே வரும் என்று கேட்டனர். மொழிக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடா என்று நான் கேட்டேன், சிரித்தனர், ஆனால் வாக்கை மாற்றவில்லை. எனவே இவ்வாண்டு ஐந்து ஆங்கிலச் சொற்கள் வரை அனுமதி. முதற்பரிசு பெறும் கட்டுரை எந்த முடிவுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் நடுவர் நான்கு வரியாவது எழுதிப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டு அவளுக்கு நான் எழுதியது ஓர் எண் மட்டுமே.

தலைப்பை மாற்றுவதற்குக் குடும்பத்தினரின் ஒப்புதல் வேண்டும் அல்லவா? அமரரின் துணைவியாரிடம் சென்றேன். நான் கூறியதைப் பொறுமையாகக் கேட்டார். பரிசு பெறாத கட்டுரையை வாசிக்க வேண்டும் என்றார், வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், அந்த அம்மம்மா எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊரிலிருந்துதான் தம் தகப்பனார் வெங்காயம் வாங்கிக் கொழும்புக்கு லொறி ஏற்றியவர் என்றார். தலைப்பைப் பற்றி, “நீங்கள் மாஸ்ரர்மார் பாத்துச் செய்யுங்கோ” என்பதே அவர் கொடுத்த விடை. அதனை ஒப்புதலாகக் கொண்டோம்.

இவ்வாண்டு மேற்பிரிவின் தலைப்பு: ‘வெளிநாட்டு வெங்காயம் வந்தால் யாருக்கு நன்மை?’ கீழ்ப்பிரிவினர், தம் வீட்டு அடுக்களையில் உள்ள ஐந்து பொருள்கள் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தன என்று பெட்டிகளைப் பார்த்து எழுதினால் போதும். விண்ணப்பப் படிவங்கள் மண்டப வாயிலில் உள்ள மேசையில் கிடைக்கும். தாளும் பேனாவும் பாடசாலை தரும். கேடயத்தின் உயரத்தைக் குறைத்து, மிகுதிப் பணத்துக்குத் தமிழ் அகராதி வாங்குவதாகவும் முடிவாயிற்று.

சென்ற ஆண்டின் புள்ளிப் பதிவேடு மூடி முத்திரையிடப்பட்டுவிட்டதால் அந்த முப்பத்தெட்டைத் திருத்த வழியில்லை என்று செயலாளர் கூறினார். அக்கட்டுரையை மாணவியினதும் பெற்றோரினதும் அனுமதியுடன் பிரதி எடுத்து, இவ்வாண்டு நடுவர் மூவரிடமும் கொடுத்திருக்கிறேன். மேலே நான் இட்ட புள்ளியை அழிக்காமலே கொடுத்திருக்கிறேன். அவள் இவ்வாண்டும் பெயர் பதிந்துள்ளாள். அம்மம்மாவிடம் இன்னும் ஒரு விடயம் கேட்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாள்; என்னவென்று நான் கேட்கவில்லை.